கிழக்கு பார்த்த கடை

தெல்தெனியக் கடைவீதிக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மற்றக் கடைகள் ஒழுங்காக ரோட்டைப் பார்த்து நிற்கும்போது, அந்த மாடிக் கட்டடம் மட்டும் ஏன் ஒருக்களித்துக்கொண்டு நிற்கிறது? அதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மலை சரிந்தபோது கட்டடமே திரும்பிவிட்டதாம். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை குடிவெறியில் படம் போட்டுக் கொடுத்தாராம். இந்தப் பொய்களையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் வந்து கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவளே நான்தான். கோப்பி போய்த் தேயிலை வந்து இத்தனை காலம் ஆகிவிட்டது. இனி உண்மையைச் சொன்னால் யாருக்கும் தலை போகாது.

என் வீட்டுக்காரர் இராமநாதபுரத்துப் பக்கம். நானும் அங்கேதான். எங்கள் ஊரில் மலை என்று எதுவும் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் தரை, தரை முடிகிற இடத்தில் வானம். காலையில் சூரியன் தரைக்குள்ளிருந்து எழும்பும், சாயங்காலம் தரைக்குள்ளேயே போய்விடும். கிழக்கு எது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

இவர் கோப்பித் தோட்டங்களை நம்பிக் கடை வைக்க வந்தார். ரங்கலைப் பக்கத்து மலைகளில் அப்போது காடு வெட்டிக் கோப்பி நட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து மூட்டை ஏற்றிய மாட்டுக் கரத்தைகள் எல்லாம் தெல்தெனியாவைத் தாண்டித்தான் கண்டிக்குப் போகவேண்டும். கரத்தைக்காரனுக்குப் புகையிலை வேண்டும், மாட்டுக்குப் புண்ணாக்கு வேண்டும், தோட்டத்து ஆட்களுக்கு அரிசியும் கருவாடும் கம்பளியும் வேண்டும். இவர் போட்ட கணக்கில் பிழையில்லை. எந்த இடம் என்பதிலும் பிழையில்லை. எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் போயிற்று.

கட்டடம் கட்ட மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசாரியைக் கூட்டிவந்தார். வாசல் கிழக்கு பார்க்கவேண்டும், அடுப்படி அக்கினி மூலையாகிய தென்கிழக்கில் இருக்கவேண்டும் என்று இரண்டு பேரும் கப்பலில் வரும்போதே பேசி முடித்துவிட்டார்கள். வந்து இறங்கியது மார்கழி. தெல்தெனிய மார்கழியை அறிந்தவர்களுக்குத் தெரியும், காலையில் எதிரே நிற்கிற மாடுகூடத் தெரியாது. நாள்தோறும் விடியும், வெளிச்சம் வரும், சூரியன் எங்கே என்றால் எல்லாப் பக்கமும் வெள்ளைப் புகை. ஆசாரி உளியைத் தீட்டித் தீட்டி அரைவாசி ஆக்கிவிட்டார்.

தையில் ஒரு நல்ல நாள் பார்த்து எல்லோரும் குளித்துவிட்டு நின்றோம். அன்றைக்கென்று பனி விலகியது. எதிரே பெரிய மலை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு மலை, இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். நாங்கள் நின்றோம், நின்றோம், கால் கடுத்தது. கடைசியில் அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து சூரியன் பளீரென்று வந்தது. இவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆசாரி ஒரு முளையை அடித்து அதற்கு நேரே நூலைக் கட்டினார். கிழக்கு கிடைத்துவிட்டது என்று எனக்கும் சந்தோஷம்தான்.

மலை மறைத்துக்கொண்டிருந்தால் சூரியன் முதலில் தலையைக் காட்டுகிற இடம் கிழக்காக இருக்காது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தை மாதத்தில் சூரியன் தெற்கே ஒதுங்கித்தான் வரும். மலைக்குப் பின்னால் ஏறிக்கொண்டே இன்னும் தெற்கே நகர்ந்து, வழி கிடைத்த இடத்தில் வெளியே வந்திருக்கிறது. தரையில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சூரியன் வருகிற இடம் கிழக்கு. அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

கட்டடம் என்னவோ அழகாகத்தான் எழும்பியது, குறை சொல்ல முடியாது. ஆள் உயரத்துக்குக் கருங்கல் அத்திவாரம். கீழே கடை, மேலே கோப்பி மூட்டை அடுக்கப் பலாப் பலகை போட்ட மாடி. மாடிச் சுவரில் காற்றுப் போவதற்குக் கம்பிச் சட்டங்கள், மூட்டை ஏற்ற உத்திரத்தில் ஓர் உருளை. முன்னால் விறாந்தை, அதில் உருட்டிக் கடைந்த தூண்கள். வாசல் நிலையில் கஜலட்சுமியும் இரண்டு பக்கமும் யானையும். யானையின் தும்பிக்கையை ஆசாரி முடிக்கிறதற்குள் எனக்குத் தலைப்பிரசவமே ஆகிவிட்டது. பொம்பிளைப் பிள்ளை. இவர் பிள்ளையை ஒரு தரம் பார்த்தால் தும்பிக்கையை இரண்டு தரம் பார்ப்பார்.

பணமெல்லாம் முகப்பிலேயே முடிந்துபோனதால் என் அடுப்படிச் சுவர் மட்டும் வரிச்சுக் கட்டி மண் அப்பியது. எனக்கு அது போதும். ஊரில் இவர் வீட்டில் நான் மூன்றாவது மருமகள். தலைக்கு எண்ணெய் வேண்டுமென்றால் மூத்த ஓரகத்தியின் முகத்தைப் பார்க்கவேண்டும். அவள் முகத்தைப் பார்த்தால் எண்ணெய் கேட்கத் தோன்றாது. இங்கே அடுப்பை நானே குழைத்துப் போட்டேன். உப்புச் சட்டி எங்கே இருக்கவேண்டும் என்று நான் சொன்னேன், அது அங்கே இருந்தது. அந்தச் சந்தோஷத்தை ஆம்பிளைகளுக்கு விளக்க முடியாது.

சில வருஷம் கடை ஓஹோ என்று நடந்தது. கரத்தைகள் விறாந்தையை உரசிக்கொண்டு நிற்கும். பிறகு ஒரு மழைக்காலத்தில் முன்னால் போன ரோடு ஒரு பக்கமாகப் பிளந்து பள்ளத்தில் விழுந்தது. மண் போட்டார்கள், அதுவும் விழுந்தது. அரசாங்கத்தார் வந்து பார்த்து, இந்தப் பக்கமே வேண்டாம் என்று ரோட்டை மாற்றி வெட்டினார்கள். புது ரோடு எங்கள் கட்டடத்தின் விலாப் பக்கமாக, சரியாக என் அடுப்படிச் சுவரை ஒட்டிப் போயிற்று.

அவ்வளவுதான். தூணும் யானையும் பார்த்த பக்கத்தில் புல் முளைத்தது. ஒரு மாடு மட்டும் தவறாமல் வந்து மேய்ந்தது. கடைக்கு வருகிறவர்கள் புது ரோட்டிலிருந்து இறங்கி, என் கழுநீர் ஓடுகிற கானைத் தாண்டி, வாழையடியில் சேறு மிதித்து, சுற்றிக்கொண்டு முகப்புக்கு வரவேண்டும். ஒரு முழம் புகையிலைக்கு யார் இந்தப் பாடு படுவார்கள்? ரோட்டுக்கு எதிர்ப் பக்கத்தில் திகனையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் நானா நாலு கம்பு நட்டு மானாப் புல் வேய்ந்து கொட்டில் போட்டார். கதவும் இல்லை, யானையும் இல்லை. எங்களுடைய கரத்தைக்காரர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். நானா நல்ல மனிதர். எங்களைப் பார்க்க நேர்ந்தால் தானே வெட்கப்பட்டுக் குனிந்துகொள்வார்.

இதற்கிடையில் என் அடுப்படி சந்தியாகிவிட்டது. மண்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதில் தலையை நீட்டித் தண்ணீர் கேட்பார்கள், சுருட்டுக்கு நெருப்புக் கேட்பார்கள். அப்படியே, அக்கா கொஞ்சம் உப்பு இருக்குமா என்பார்கள். நான் கடைக்குள் போய் எடுத்து வந்து கொடுக்கப்போனால் இவர் மறித்துக்கொள்வார். சரக்கு என்றால் அது லட்சுமி நின்ற வாசல் வழியாகத்தான் போகவேண்டுமாம். உப்புக் கேட்டவளை ஜன்னலிலிருந்து திருப்பி, கானைத் தாண்டி, வாழையைச் சுற்றி வரச் சொல்வார். அவள் வருவாளா? நேரே நானாவிடம் போனாள்.

சுவரை இடித்து ரோட்டுப் பக்கம் ஒரு வாசல் வைத்தால் என்ன என்று நான் ஒரு தரம்தான் கேட்டேன். மனுஷனுக்குச் சாமி வந்துவிட்டது. தெற்கே வாசல் வைத்தால் முதலில் வருகிறவன் எமன்தானாம். அக்கினி மூலை அடுப்பை அசைத்தால் குடும்பமே சாம்பலாம். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கு அது நஷ்டமாகத் தோன்றவில்லை.

ஆனால் மாதம் போகப்போகக் கடை படுத்துவிட்டது. மாடியில் ஒரு மூட்டைகூட இல்லாமல் வௌவால் குடியேறியது. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே இவர் மெதுவாகச் சொன்னார். தோட்டத்துக்கு ஆள் சேர்க்க ஊருக்குப் போகிற கங்காணி ஒருவர் அடுத்த கிழமை மாத்தளை, மன்னார் வழியாகப் புறப்படுகிறார். என்னையும் பிள்ளையையும் அவரோடு அனுப்பிவிடுவது, தான் மட்டும் இங்கே ஒரு வயிற்றைப் பார்த்துக்கொள்வது. கடை போவது எனக்குப் பெரிதில்லை. என் அடுப்பை விட்டுவிட்டு அந்த ஓரகத்தி முகத்துக்கு முன்னால் போய் எண்ணெய்க்கு நிற்பதா? அன்று நான் அழுத அழுகை பிள்ளை பிறந்தபோதுகூட அழவில்லை.

அந்தக் கிழமைதான் ரோட்டு ஓவர்சியர் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், கானுக்கு அளவெடுக்க வந்தவர். தோளில் தொங்கிய தோல்பையில் திசைகாட்டிப் பெட்டி. ஜன்னலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, பெட்டியைக் கட்டையில் வைத்து முள்ளைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"தங்கச்சி, உங்கட வாசல் கிழக்கெண்டு ஆர் சொன்னது?"

நான் சூரியன் சொன்னது என்றேன். அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விரலால் காட்டினார். முகப்பு பார்ப்பது தென்கிழக்கை. அக்கினி மூலை என்று நாங்கள் அடுப்பு வைத்திருக்கிற மூலை நேர் தெற்கு, அதாவது எமனுடைய இடம். ரோட்டுப் பக்கத்துச் சுவர் தெற்கே இல்லை, தென்மேற்கு. ஒன்றாவது சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். கூரை மேலேதான் இருக்கிறது என்றார்.

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இது இவர் காதில் விழுந்தால் என்னோடு சேர்த்துக் கடையையும் மூட்டை கட்டிவிடுவார், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள் என்றேன். தான் கான் வெட்ட வந்தவன், திசை சொல்ல வரவில்லை என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

ஆனால் விதி என் வீட்டுக்காரர் உருவத்திலேயே வந்தது. ஊரார் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று இவருக்கு நெடுநாள் பொருமல். ஓவர்சியரிடம் திசைகாட்டி இருப்பதை அறிந்ததும் ஒரு யோசனை உதித்தது. அரசாங்கத்துப் பெட்டியை விறாந்தையில் வைத்து, இந்தக் கட்டடம் நூல் பிடித்தாற்போல் கிழக்கு பார்க்கிறது என்று நாலு பேர் முன்னால் நிரூபித்துவிட்டால், ரோடுதான் தப்பு, கடை தப்பில்லை என்று எல்லோருக்கும் விளங்கிவிடுமாம். அதைக் காட்டியே ரோட்டை முன்பக்கம் திருப்பக் கேட்கலாமாம். கடைவீதி முழுக்கத் தானே போய் அழைத்துவிட்டு வந்தார். நானாவைக்கூட விடவில்லை.

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். ராகுகாலம் என்றேன், முடிந்துவிட்டது என்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன், அது அந்த நேரம் பார்த்து விறாந்தையில் குதித்துக்கொண்டிருந்தது. ஓவர்சியரைச் சாப்பிட உட்காரவைத்து நேரத்தை ஓட்டலாம் என்று வடை தட்டினேன். அவர் வடையையும் சாப்பிட்டார், பெட்டியையும் எடுத்தார். தெரிந்து சும்மா இருப்பேன், கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தார்.

விறாந்தை நடுவில் முக்காலி. முக்காலி மேல் பெட்டி. சுற்றிவர ஊர். முள் ஆடியது, ஆடியது, நின்றது. இவர் வாசலுக்கு நேரே கையை நீட்டி, இதுதானே கிழக்கு என்றார். ஓவர்சியர் அந்தக் கையைப் பிடித்து மெல்லத் திருப்பினார். திருப்பிக்கொண்டே போனார். விறாந்தையைத் தாண்டி, கட்டடத்தின் மூலையைத் தாண்டி, நாங்கள் குப்பை கொட்டுகிற இடத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார்.

நானாதான் பாவப்பட்டு, பெட்டியை எடுத்த கையோடு தனக்கும் தொழுகைக்கு மேற்கைக் காட்டிவிட்டுப் போகமுடியுமா என்று ஓவர்சியரைக் கேட்டு, அவரையும் கூட்டத்தையும் தன் கொட்டில் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். போகும் வழியில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமியது மட்டும் கேட்டது.

இவர் நீட்டிய கையை மடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு விறாந்தையில் உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. பொழுது சாயத் தொடங்கியபோது எழுந்துவந்து, மறுநாள் காலையில் கங்காணி இந்த வழியாகத்தான் வருகிறார், மூட்டையைக் கட்டு, நானும் வருகிறேன் என்றார். தென்கிழக்கு வாசலிலும் எமன் மூலை அடுப்பிலும் இனி ஒரு பொழுதுகூட இருக்கக்கூடாதாம்.

இவ்வளவு காலமும் நான் இவர் முகத்துக்கு நேரே நின்று குரலை உயர்த்தியது கிடையாது. அன்றைக்கு உயர்த்தினேன்.

"எமன் மூலையிலதான் உலை வச்சேன். இத்தனை வருஷமா மூணு வேளையும் அதுலதான் ஆக்கிப் போட்டேன். தின்னவங்கள்ல யாரு செத்தா, சொல்லுங்க. புள்ளை இங்கதான் பொறந்துச்சு. கடை ஓடுனப்பவும் வாசல் இதே பக்கந்தான பாத்துச்சு? ரோடு போனதுக்கப்புறம்தான நாம கெட்டோம்?"

நான் விடவில்லை. தெற்கு தெற்கு என்று பயந்து தொடாமல் வைத்திருந்த சுவர் தெற்கே இல்லை என்று அரசாங்கத்துப் பெட்டியே சொல்லிவிட்டது, இனி அதை இடிக்க என்ன தடை என்று கேட்டேன். அதற்கு இவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"ஊருக்குப் போறதுக்கு எனக்கு மட்டும் ஆசையா? கெழக்குத் தெரியாதவன் வந்துட்டான்னு அண்ணன் சிரிப்பாரு. சாகுற வரைக்கும் சிரிப்பாரு."

அட மனுஷா, என்றிருந்தது. எனக்கு ஓரகத்தி, இவருக்கு அண்ணன். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குப் பயந்துகொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். கோபமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

காலையில் முதல் வேலையாகச் சாமானெல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். உப்புச் சட்டி, அரிசிப் பானை, உறி. அடுப்பை எடுக்க முடியாது, அதைக் குனிந்து ஒரு தரம் தடவினேன். நானே குழைத்த மண். அதை விட்டுக் கொடுக்க எனக்கு மனசே இல்லை, அழுதேன்தான். ஆனால் அடுப்பை இன்னோர் இடத்தில் போடலாம், தூணும் யானையும் இருக்கிற விறாந்தையிலேயே போடலாம். ஓரகத்தி வீட்டில் போட முடியாது. மூலையில் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்து, ஜன்னலுக்குக் கீழே ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன்.

மண்சுவர் அல்லவா, பொலபொலவென்று கொட்டியது. சத்தம் கேட்டு இவர் ஓடிவந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். அலவாங்கை என் கையிலிருந்து பிடுங்கினார், தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இவரே குத்தத் தொடங்கினார். நாள் பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை, நூல் பிடிக்கவில்லை. வரிச்சுக் கம்புகள் முறிந்து விழ விழ, ரோட்டு வெளிச்சம் உள்ளே வந்தது.

ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் துளை விழுந்தபோது வெளியே தலையில் மூட்டைகளோடு ஒரு கூட்டம் நிற்பது தெரிந்தது. கங்காணியும் அவரோடு புறப்பட்டவர்களும். தலையிலிருந்து கால்வரை புழுதியாக நின்ற என்னைப் பார்த்து அவர் திகைத்துப்போய்விட்டார். பிறகு, நேரமாகிறது, கிளம்பலாமா தங்கச்சி என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்னே இவர் எனக்குப் பின்னாலிருந்து சொன்னார்:

"அவ வரல. கடைக்கு ஆள் வேணும்."

கங்காணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், இடிந்த சுவரைப் பார்த்தார். இவ்வளவு தூரம் நடக்கப் போகிறவர் கையில் புகையிலை இல்லாமலா போவது என்று இரண்டு கட்டுத் தரச் சொன்னார். இவர் என்னை மறிக்கவில்லை, அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் கடைக்குள் போய் எடுத்துவந்து, அந்தத் துளை வழியாகவே நீட்டினேன்.